இராயப்பர் ஊரும் பேதுருவின் புத்தகமும்

ராயபுரம் என்ற ஊர்ப்பெயருக்குள் ஒரு மொழிபெயர்ப்பு இருக்கிறது. இயேசுவின் சீடரில் ஒருவரான மீனவர் சீமோனுக்குக் கிடைத்த மறுபெயருக்குப் 'பாறை' என்று பொருள். கிரேக்கம் அதைப் பெத்ரோஸ் என்றது. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் அவரை இராயப்பர் என்று அழைத்தார்கள். படகோட்டிகள் தங்கள் உழைப்பில் எழுப்பிய இராயப்பர் கோயிலால்தான் ஊருக்கு ராயபுரம் என்று பெயர் வந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. அதே கடற்கரையின் தெற்கே, கறுப்பர் நகரத்தில் உட்கார்ந்து எழுதிய சீர்திருத்த சபையார் அதே சீடரைப் 'பேதுரு' என்றார்கள். சின்னப்பர் அவர்களிடம் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார்.

இந்தப் பெயர் வேறுபாட்டுக்குப் பின்னால் எழுத்தாளர்களின் நீண்ட போட்டி ஒன்று உண்டு. பக்தியாக எழுத உட்கார்ந்தவனுக்கும் பக்கத்து மேசைக்காரன் தன்னைவிட நன்றாக எழுதிவிட்டால் நெஞ்சு சுடும். வேதாகமம் இதை மறைப்பதில்லை. காயீன் தம்பியின் காணிக்கையைப் பார்த்து முகம் சுருங்கினான். சவுல் அரசன் தாவீதைப் புகழ்ந்த பெண்களின் பாட்டைக் கேட்டுக் கொதித்தான். அந்த வேதாகமத்தையே தமிழாக்க வந்தவர்களுக்கு இந்தச் சோதனை எப்படி நேர்ந்தது, யார் அதைத் தாண்டினார்கள், யாரால் முடியவில்லை என்ற கதையில் பெரும்பகுதி வடசென்னைக் கரையையும் அதையொட்டிய தெருக்களையும் சுற்றியே நடந்தது.

தொடக்கம் தரங்கம்பாடியில். 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு 1708க்கும் 1711க்கும் இடையே புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதி முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதைவரை வந்திருந்தபோது 1719 பிப்ரவரியில் இறந்துபோனார். வயது 36. மீதியை முடித்தவர் அந்த ஆண்டே வந்துசேர்ந்த பெஞ்சமின் சூல்ட்சே. உழைப்பாளி, ஆனால் கூட இருந்தவர்களோடு ஒத்துப்போக முடியாதவர். புதிதாக வந்த பாதிரிமாரோடு மனத்தாங்கல் முற்றி, 1726இல் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார். கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில் பள்ளியும் சபையும் தொடங்கினார். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கம் அது. சென்னையின் முதல் சீர்திருத்த மிஷன் இப்படி ஒரு சச்சரவின் மிச்சமாகப் பிறந்தது. அங்கிருந்து தெலுங்கிலும் வேதாகமத்தை எழுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அது அச்சேறவே இல்லை.

அதே ஆண்டுகளில் காவிரிக்கரையின் உள்நாட்டில் இன்னொரு எழுத்தாளர் ஓங்கி நின்றார். இத்தாலியில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் பெஸ்கி, தமிழருக்கு வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய கைக்குத் தரங்கம்பாடியாரின் உரைநடை மிகவும் கீழாகத் தெரிந்தது. 'வேத விளக்கம்' முதலான நூல்களில் லுத்தரன்களின் கொள்கையோடு அவர்களுடைய தமிழையும் சேர்த்தே அடித்தார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. முதல் மொழிபெயர்ப்பு கடலோரத் தமிழில், கேட்டுப் பழகிய பேச்சில் எழுந்தது. இலக்கண வல்லவர் கண்ணுக்கு அதில் கல்லும் நெல்லும் கலந்தே கிடந்தன.

அதற்குப் பின் நடந்ததுதான் நின்று பார்க்கத் தக்கது. பேச்சுத் தமிழுக்குப் பெஸ்கி லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி அப்போது இல்லை. அந்த நூலை 1738இல் அச்சிட்டது எந்த அச்சகம்? தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகம்! தங்கள் தமிழை ஏளனம் செய்தவரின் நூலுக்குத் தங்கள் காகிதத்தையும் மையையும் கொடுத்தார்கள். கொள்கைச் சண்டை அதற்காக ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் அவருடைய புத்தகம் நல்ல புத்தகம் என்று ஒப்புக்கொள்ள அவர்களால் முடிந்தது. பொறாமையை வெல்வது பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருப்பார்கள். அந்த ஓர் அச்சுவேலை அவற்றையெல்லாம்விட உரக்கப் பேசுகிறது.

சூல்ட்சே ஊர் திரும்பும் நேரத்தில், 1742 டிசம்பரில், அவர் இடத்துக்கு வந்தவர் யோஹான் பிலிப் பெப்ரீஷியஸ். 1711இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு இறையியலுக்குத் திரும்பியவர். மணம் செய்துகொள்ளவில்லை. கையில் கிடைத்த தமிழ் வேதாகமத்தைப் படித்ததும், மூலத்தின் தெளிவும் வலுவும் தமிழில் இறங்கவில்லை என்று அவருக்குப் பட்டது. அவரும் முன்னோரைக் குறை கண்டவர்தான். ஆனால் குறை சொல்லி ஒரு நூல் எழுதவில்லை. அவர்கள் எழுதியதையே முன்னால் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகத் திருத்த உட்கார்ந்தார். எழுதியதைத் தமிழர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் காதுக்கு உறுத்திய இடங்களை மறுபடி மறுபடி மாற்றினார். இந்த வேலை ஏறத்தாழ அவர் ஆயுள் முழுவதும் நீண்டது. முழங்காலில் நின்று மொழிபெயர்த்தவர் என்று லுத்தரன் சபையில் அவரைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

நிம்மதியாக எழுதக் காலம் விடவில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். மிஷன் கட்டடங்கள் போயின. பெப்ரீஷியஸ் டச்சுக்காரர் கையிலிருந்த பழவேற்காட்டுக்குப் போனார். திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வடக்கே நீளும் அந்தக் கரை அன்று உப்பங்கழியும் மணலும் பனையுமாகக் கிடந்தது. நகரம் ஆங்கிலேயருக்குத் திரும்பியபின் மிஷனுக்கு வேப்பேரியில் இடம் கிடைத்தது. 1758 முடிவில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை நகரை முற்றுகையிட்டபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. மறுபடியும் பழவேற்காடு. கப்பலும் மின்நிலையமும் கொள்கலன் லாரிகளுமாக இருக்கும் இன்றைய எண்ணூரைப் பார்ப்பவர்கள், தமிழ் வேதாகமத்தின் செம்பதிப்பை எழுதியவர் இரண்டு முறை அந்தத் திசையில் அகதியாகப் போனார் என்பதை நினைக்க வாய்ப்பே இல்லை.

லாலியின் தோல்விதான் அவருக்கு அச்சகத்தைக் கொடுத்தது. 1761இல் புதுச்சேரி விழுந்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் எழுத்துகளையும் ஆங்கிலேயர் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதை இயக்க ஆள் வேண்டுமே! கும்பெனியின் வேலையையும் செய்து கொடுக்க வேண்டும் என்ற உடன்பாட்டோடு வேப்பேரியில் பெப்ரீஷியஸிடம் ஒப்படைத்தார்கள். லண்டனிலிருந்து வந்த காகிதமும் எழுத்தும் கப்பலிலிருந்து மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும்; துறைமுகம் என்ற ஒன்று அன்று இல்லை. அந்தப் படகுத் தொழிலில் இருந்த குடும்பங்களில் பலவும் பிற்பாடு ராயபுரத்தில் இராயப்பருக்குக் கோயில் எழுப்பிய கத்தோலிக்கக் குடும்பங்கள். பேதுரு என்று அச்சடிக்கப் போகும் காகிதத்தை இராயப்பரின் பிள்ளைகள் நனையாமல் கரை சேர்த்தார்கள்.

1772இல் புதிய ஏற்பாடு வேப்பேரியில் வெளிவந்தது. 1779இல் பிரைட்ஹாப்ட் என்ற சக ஊழியரோடு சேர்ந்து செய்த தமிழ்–ஆங்கில அகராதி வந்தது. ஜெர்மன் ஞானப்பாட்டுகள் முந்நூற்றுக்கு மேல் தமிழாயின. கடைசி ஆண்டுகள் கசந்தன. மிஷன் பணத்தை ஆட்களை நம்பிக் கடன் கொடுத்து ஏமாந்து, கடனாளியாகச் சிறையிலும் இருந்தார். 1788இல் கெரிக்கே என்ற இளையவர் வேப்பேரிக்கு வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார். 1791 ஜனவரி 23ஆம் தேதி, எண்பதாம் பிறந்தநாள் கழிந்த மறுநாள், பெப்ரீஷியஸ் இறந்தார். 1777இல் தொடங்கிய பழைய ஏற்பாட்டின் அச்சு அப்போது முடிந்திருக்கவில்லை. தன் புத்தகத்தை முழுதாகக் கையில் பிடிக்காமலே போனார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் 'ஸீலோஸ்' என்று ஒரு சொல் உண்டு. கடவுள் வீட்டுக்காக எரியும் நல்ல வேகத்துக்கும் அதே சொல்; அடுத்தவன் சிறப்பைக் கண்டு எரியும் கெட்ட வேகத்துக்கும் அதே சொல். தமிழாக்கியவர்கள் ஒவ்வோர் இடத்திலும் நின்று முடிவு செய்யவேண்டியிருந்தது. இன்று சபைகளில் புழங்கும் வேதாகமத்தில், தேவாலயத்தைத் துப்புரவாக்கும் காட்சியில் அது பக்திவைராக்கியம். அப்போஸ்தலரைச் சிறையில் தள்ளும் ஆசாரியரின் நெஞ்சில் அது பொறாமை. யாக்கோபின் நிருபத்தில் மறுபடியும் வைராக்கியம்தான், ஆனால் கசப்பானது என்ற அடைமொழியோடு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று மூலமொழியே கோடு போட்டுக் கொடுக்கவில்லை. வேதத்தின் பெயரால் வாதாடுகிறவனுக்குத் தன் உள்ளே எரிவது இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? அடுத்த நூறாண்டின் சண்டைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி குறுக்கே வருகிறது.

1814இல் சென்னைக்கு வந்து கறுப்பர் நகரத்தில் ஊழியம் தொடங்கிய இரேனியஸ், பெப்ரீஷியஸின் பதிப்பு பாமரருக்குக் கடினம் என்று கண்டார். திருத்தத் தொடங்கியவர் புதிதாகவே எழுத நேர்ந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்குப் போய் அங்கே புலவர்களிடம் பாடம் கேட்டார். சரளமான உரைநடையே அவர் குறி. 1833இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. எதிர்ப்பு தஞ்சாவூரிலிருந்து எழுந்தது. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் வளர்த்த பிள்ளை, பெத்லகேம் குறவஞ்சி பாடிய கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், புதுத் திருத்தங்களை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். ஒரு தலைமுறை மனப்பாடம் செய்து, பாட்டாக்கி, மரணப் படுக்கையில் சொல்லிக் கேட்ட வசனங்களை நேற்று வந்தவர் மாற்றுவதா என்ற வலி அதில் இருந்தது. சபையில் சாதி வேறுபாட்டைப் புதிய பாதிரிமார் ஒழிக்க முனைந்ததன் மீதான கோபமும் கலந்திருந்தது. அந்தக் கோபத்தை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கேட்டுப் பழகிய சொல் மாறும்போது ஒரு கவிஞனின் காது படும் பாட்டை, பாட்டெழுதுகிற எவரும் புரிந்துகொள்வார்கள். வைராக்கியமா வேறொன்றா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் இது.

அடுத்த முயற்சி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்கு வலக்கையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். திருநீறு தரித்த சைவர். 1848இல் இருவரும் கையெழுத்துப் படியோடு சென்னைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழைச் சென்னைக்காரர் ஏற்பார்களா என்ற ஐயம் எழுந்தபோது, மழவை மகாலிங்கையர் என்ற பெரும் புலவரிடம் காட்டினார்கள். அவர் படித்துப் பார்த்துப் பாராட்டினார். ஒரு கிறிஸ்தவ நூலுக்குச் சைவர் ஒருவர் நடை கொடுத்து, இன்னொரு தமிழ்ப் புலவர் நற்சான்று கொடுத்தார். 1850இல் அது அச்சாகியும் சபைகள் அதை ஏற்கவில்லை. 'தற்காலிகப் பதிப்பு' என்ற பெயரோடே நின்றுவிட்டது. நாவலர் அந்த 1848இலேயே பெர்சிவலை விட்டு விலகிச் சைவத்துக்காக எழுதவும் அச்சிடவும் இறங்கினார்.

பிறர் நூலுக்குத் தன் தமிழைப் பெயரில்லாமல் கொடுத்த அதே நாவலர், இருபது ஆண்டுக்குப் பின் இன்னொரு சைவரின் பாடல்களை ஏற்க மறுத்தார் என்பதும் இந்தக் கரையின் வரலாறுதான். ஏழுகிணறு வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்துபோய்த் தியாகேசரையும் வடிவுடையம்மனையும் பாடியவர் இராமலிங்கர். அவர் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தபோது, தேவார திருவாசகத்துக்குரிய 'அருட்பா' என்ற சொல்லை இவற்றுக்கு வைப்பதா என்று நாவலர் வெகுண்டார். சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. எழுத்தும் பக்தியும் சேர்ந்த இடத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் ஒரே சோதனை. கோபத்தின் வேர் சாத்திரத்தில் இருந்ததா, மனத்தில் இருந்ததா? இரு தரப்பாரும் ஒன்றரை நூற்றாண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று மாயூரத்தில். கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை அங்கே முன்சீப். 'நீதிநூல்' எழுதியவர், 1879இல் தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டவர். அவருடைய நெருங்கிய நண்பர், சைவ மடத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை நண்பரின் ஊர்ப் பெயரால் 'குளத்தூர்க் கோவை' என்றே ஒரு நூல் பாடினார். தமிழ்ப் புலவர் உலகில் இதற்கு ஓர் ஏற்பாடே இருந்தது: ஒருவர் நூல் எழுதினால் மற்றப் புலவர்கள் சிறப்புப்பாயிரம் பாடித் தரவேண்டும். மனம் ஒவ்வாவிட்டாலும் நாலு வரி நல்லது தேடிச் சொல்ல வைக்கும் வழக்கம் அது. பொறாமைக்கு மருந்தாக யாரும் அதை வகுக்கவில்லை; ஆனாலும் பல இடங்களில் மருந்தாக வேலை செய்தது.

கிறிஸ்தவ அகராதிக்காரர்களிடம் இன்னொரு விதமான மருந்து இருந்தது: பாதியில் நின்ற வேலையை எடுத்து முடிப்பது. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் சேர்த்துவைத்த சொற்களைச் சென்னையில் வின்ஸ்லோ எடுத்து முடித்து 1862இல் பேரகராதியாக்கினார். 67,000க்கு மேற்பட்ட சொற்கள். வேப்பேரியில் ராட்லர் தொடங்கிய அகராதியின் முதல் பகுதி 1834இல் வந்தது. இரண்டே ஆண்டில் அவர் இறந்தார். வில்லியம் டெய்லரும் வெங்கடாசல முதலியாரும் அதை 1841இல் முடித்தார்கள். முடித்த இருவர் பெயரும் அகராதியோடு அச்சில் நின்றன. மிஷன் நூல்களில் தமிழ்ப் புலவர் பெயர் இப்படி வெளிப்படையாக நிற்பது அரிது. புத்தகங்களில் உழைத்த எத்தனையோ முன்ஷிகள் சம்பளப் பதிவேட்டோடு மறைந்துபோனார்கள். பாதிரிமார் தமக்குள் பொறாமையை அடக்கக் கற்றதைப் போற்றும்போது, பொறாமைப்படக்கூட இடம் தரப்படாத இவர்களையும் நினைக்கத்தான் வேண்டும்.

சபைகளின் சண்டையை ஒருவாறு தீர்த்தவர் ஹென்றி பவர். சென்னையில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். முத்தையா பிள்ளை என்ற தமிழாசிரியரின் துணையோடு 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை அச்சில் கொண்டுவந்தவர். புதிய திருத்தத்துக்கு அவரைத் தலைவராக வைத்தார்கள். தன் மேதைமையைக் காட்டப் புதிதாக எழுதியிருக்கலாம். அவர் பெப்ரீஷியஸின் பதிப்பை அடித்தளமாக வைத்தார். இரேனியஸிடமிருந்தும் பெர்சிவலிடமிருந்தும் நல்லவற்றை எடுத்துக்கொண்டார். எழுதியதைப் பல சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார். எழுத்தாளனுக்கு இதைவிடக் கடினமான ஒழுக்கம் வேறில்லை: ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்துப் பேர் குற்றம் பார்க்க, எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். 1871இல் முழு வேதாகமம் வந்தது. லுத்தரன்கள் மட்டும் பெப்ரீஷியஸையே பிடித்துக்கொண்டார்கள். பிறகு வந்த திருத்தங்கள் எதுவும் பவரின் பதிப்பைச் சபைகளின் கையிலிருந்து அகற்றவில்லை. இன்றைக்குத் தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ ஞாயிற்றுக்கிழமை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகும் கறுப்பு அட்டை வேதாகமம் பெரும்பாலும் அதுதான். அதன் முகப்பில் பவர் பெயர் இல்லை. பெப்ரீஷியஸ் பெயரும் இல்லை.

நாவலரை இழந்த பெர்சிவல் பின்னாளில் சென்னையிலேயே தங்கி, மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1855இலிருந்து 'தினவர்த்தமானி' என்ற வார இதழை நடத்தினார். அந்த இதழில் பணிபுரிந்த நெல்லைக்காரர் ஒருவர் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் கம்பனைக் குடித்து வளர்ந்தவர். ஜான் பன்யனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பதின்மூன்று ஆண்டுகள் 'நற்போதகம்' இதழில் தொடராக வந்து, 1894இல் நூலானது. கிறிஸ்தவக் கம்பன் என்றார்கள். கம்பனோடு போட்டி போடும் வீம்பு அந்த நூலில் தெரியவில்லை. தான் உண்டு வளர்ந்த தமிழைப் புதிய வழிபாட்டுக்குக் கொண்டுவந்து வைத்த ஒருவரின் நிறைவுதான் தெரிகிறது. மதம் மாறியபின்னும் பழைய ஆசானைப் பழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

இராயப்பரும் பேதுருவும் சந்தித்தது 1995இல். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அந்த ஆண்டு வெளிவந்தது. இரண்டு தரப்பும் நெஞ்சுக்கு நெருக்கமான சொற்களை விடவேண்டியிருந்தது. கத்தோலிக்கர் இராயப்பரையும் சின்னப்பரையும் அருளப்பரையும் விட்டு, பேதுரு, பவுல், யோவான் என்று எழுதச் சம்மதித்தார்கள். அவை அவர்கள் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள். மற்றவர்கள் தேவனையும் கர்த்தரையும் விட்டு, கடவுள், ஆண்டவர் என்று எழுதச் சம்மதித்தார்கள். சீகன்பால்கு சர்வேசுரன் என்றும் பெப்ரீஷியஸ் பராபரன் என்றும் பவர் தேவன் என்றும் எழுதிய இடம் அது. சீர்திருத்த சபைகளில் பெரும்பாலோர் இன்னும் பழைய புத்தகத்தையே வாசிக்கிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் புதியது வாசிக்கப்படுகிறது. ராயபுரத்திலும் ஞாயிறு காலை வாசகத்தில் மீனவர் சீமோன் பேதுருவாகத்தான் வலை வீசுகிறார். வெளியே, படகுத் துறைக்குப் போகும் பேருந்தின் பலகையில் மட்டும் பழைய பெயர் மாறவில்லை.